பேச்சு நின்ற வீட்டுக்கு ஒரு மல்லிகை வேலை

வீட்டில் இரண்டு பேருக்கு மனக்கசப்பு வந்து பேச்சு நின்றுபோனால், எதிரெதிரே உட்கார வைத்துப் பஞ்சாயத்து பேசாமல் கொல்லையில் ஒரு வேலையைச் சேர்ந்து செய்யச் சொல்லுங்கள், முகம் பார்க்காமலே பேச்சு தானாக வரும். குண்டுமல்லியைக் கவாத்து செய்ய நவம்பர் கடைசி வாரம் நல்ல நேரம்: தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே வெட்டி, காய்ந்த குச்சிகளை எடுத்துவிட்டு, தொழு உரம் போட்டுத் தண்ணீர் விட்டால் மார்ச் வாக்கில் மொட்டு வைக்கும். பறிக்கிற வேலையும் அவர்களுக்கே!

அப்புறம், சர்க்கரை உள்ள பெரியவர்கள் செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்கவே வேண்டாம், காலில் குச்சி குத்தினால்கூடச் சிலருக்குத் தெரியாது, வேலை முடிந்ததும் பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

அடி உதை நடக்கிற வீட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது. அங்கே பெண்கள் உதவி எண் 181-ஐ அழைப்பதுதான் சரி.