ஐயுஎல் பாலிசியில் கையெழுத்துப் போடுவதற்கு முன்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்காவில் வந்திறங்கி ஆறு மாதத்துக்குள் இந்தப் பேச்சு உங்கள் காதில் விழும். இந்தியன் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போதோ, கோயில் பிரசாத வரிசையிலோ, பிள்ளையின் தமிழ்ப்பள்ளி வாசலிலோ ஒருவர் "நீங்க தமிழா? எந்த ஊரு?" என்று அன்பாக ஆரம்பிப்பார். இரண்டாம் முறை பார்க்கும்போது, "டாக்ஸே கட்டாம பணம் சேர்க்க இங்க ஒரு வழி இருக்கு, யாரும் சொல்லலையா?" என்பார். மூன்றாவது சந்திப்பு உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், லேப்டாப்போடு நடக்கும். அவர் காட்டுவது பெரும்பாலும் ஐயுஎல் என்கிற இண்டெக்ஸ்டு யுனிவர்சல் லைஃப் பாலிசி, அதாவது ஆயுள் காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த ஒன்று.

வருகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலர் அதை மனதார நம்பித் தங்கள் பெயரிலும் ஒன்று எடுத்திருப்பார்கள். ஆனால் நாங்கள் அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள். 2011-இல், டாலஸ் பக்கம் குடிவந்த மூன்றாவது வருடம். மாதம் 300 டாலர், நான்கு வருடம், மொத்தம் 14,400 டாலர் கட்டினோம். வீட்டுக்காரருக்கு வேலை போனபோது பணத்தை எடுக்கலாம் என்று போன் செய்தோம். கணக்கில் 10,000 டாலருக்குக் கொஞ்சம் மேல் இருப்பதாக ஸ்டேட்மெண்ட் சொன்னது. கைக்கு வந்தது 5,100. நடுவில் போனதன் பெயர் சரண்டர் சார்ஜ், பாலிசியை முன்கூட்டியே முடித்தால் நிறுவனம் பிடித்துக்கொள்ளும் பணம். விற்றவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. காகிதத்தில் இருந்தது, நாங்களும் படிக்கவில்லை. அந்த வருடம் வீட்டு வாடகைக்கு நாங்கள் பட்ட பாடு இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி. நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் எத்தனை வருடம் சமாளிக்க வேண்டும்? பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை, வீட்டுக் கடன் அடையும்வரை என்றால் 20 அல்லது 30 வருடத்து டெர்ம் பாலிசி போதும். அதில் சேமிப்பு கிடையாது, கட்டிய பணம் திரும்பாது. ஆனால் கொஞ்சப் பணத்துக்குப் பெரிய பாதுகாப்பு கிடைக்கும். முப்பது வயதுக்காரர், நல்ல உடல்நிலை, சிகரெட் இல்லை என்றால் 10 லட்சம் டாலருக்கான 20 வருட டெர்ம் பெரும்பாலும் மாதம் 50 டாலருக்குள் முடிந்துவிடும். எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கும் டெர்ம் கிடைக்கும். எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள், ரத்தப் பரிசோதனையும் இருக்கலாம். நம் குடும்பங்களில் சர்க்கரை எந்த வயதில் எட்டிப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

"ஆபீஸ்லயே இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள். அது அநேகமாக ஒரு வருடச் சம்பளம், அல்லது இரண்டு. வேலை போனால் அதுவும் போய்விடும். எச்1பி-யில் வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்த நேரத்தில் காப்பீடும் இல்லாமல் நிற்கக்கூடாது.

சரி, ஆயுள் முழுக்க ஒரு பாலிசி வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். நிரந்தரப் பாலிசி என்றால் ஐயுஎல் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் நான்கைந்து பிள்ளைகள் உண்டு. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்று கேளுங்கள். எனக்கு வித்தியாசம் புரிந்தது அப்படித்தான்.

ஹோல் லைஃப் என்பது நம் அப்பாக்கள் எடுத்த எல்ஐசி பாலிசிக்கு நெருங்கிய சொந்தம். பிரீமியம் கடைசிவரை மாறாது. எந்த வருடம் எவ்வளவு கேஷ் வேல்யூ (பாலிசிக்குள் சேரும் பணம்) உறுதி என்று ஒப்பந்தத்திலேயே அட்டவணை இருக்கும். நியூயார்க் லைஃப், நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல், மாஸ்மியூச்சுவல், கார்டியன் போன்ற, பாலிசிதாரர்களுக்கே சொந்தமான மியூச்சுவல் நிறுவனங்கள் எல்ஐசி போனஸ் மாதிரி டிவிடெண்டும் தருகின்றன. டிவிடெண்டுக்கு உறுதி இல்லை, அட்டவணைக்கு உறுதி உண்டு. நஷ்டத்தை நிறுவனம் தாங்குகிறது, அதற்கான விலையை நீங்கள் கொடுக்கிறீர்கள். டெர்மோடு ஒப்பிட்டால் பிரீமியம் பல மடங்கு, ஆரம்ப வருடங்களில் எடுத்தால் போட்டதுகூடத் தேறாது.

வேரியபிள் யுனிவர்சல் லைஃப் நம் ஊர் யூலிப் மாதிரி. பணம் நேராகச் சந்தையில், ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் பாடு. அதை விற்க பங்குச் சந்தை உரிமமும் வேண்டும், ப்ராஸ்பெக்டஸ் என்கிற விளக்க ஆவணமும் கொடுக்க வேண்டும். கியாரண்டீட் யுனிவர்சல் லைஃபில் சேமிப்பு ஏறக்குறைய கிடையாது. சொன்ன தேதியில் சொன்ன பணத்தைக் கட்டிவந்தால் இறப்புத் தொகை உறுதி, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்கக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தை உள்ள பெற்றோருக்கு இது நல்ல வழி. விற்பவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சாதாரண யுனிவர்சல் லைஃபில், கட்டிய பணத்துக்கு நிறுவனம் அவ்வப்போது அறிவிக்கும் வட்டி சேரும். வட்டி விகிதம் உச்சத்தில் இருந்த காலத்தில் அது பிரபலமானது. 1980-களின் தொடக்கத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் வட்டி வரும் என்று கணக்குப் போட்டு விற்றார்கள். வட்டி இறங்கியது, கணக்கு உடைந்தது. வாங்கியவர்களுக்கு எழுபது வயதில், "கூடுதலாகக் கட்டுங்கள், இல்லையென்றால் பாலிசி காலாவதியாகும்" என்று கடிதம் வந்தது. ஐயுஎல் அந்த யுனிவர்சல் லைஃபின் பிள்ளை. 1997-இல் சந்தைக்கு வந்தது.

ஐயுஎல் உள்ளே என்ன நடக்கிறது

"மார்க்கெட் ஏறினா உங்களுக்கும் ஏறும், இறங்கினா பூஜ்யம், நஷ்டமே கிடையாது" என்பதுதான் விற்பனைப் பேச்சு. ஆனால் உங்கள் பணம் பங்குச் சந்தைக்குப் போவதே இல்லை. 100 டாலர் என்றால் ஏறக்குறைய 95-ஐ நிறுவனம் பாண்டுகளில் (கடன் பத்திரங்களில்) போடுகிறது. அது வட்டியோடு ஒரு வருடத்தில் 100 ஆகிவிடும். மீதி 5 டாலரில் எஸ்&பி 500 என்ற அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீட்டின் மீது ஆப்ஷன் (குறியீடு ஏறினால் லாபம் தரும் ஒப்பந்தம்) வாங்குகிறது. சந்தை விழுந்தால் ஆப்ஷன் வீணாகும், 100 அப்படியே இருக்கும். அதுதான் அந்தப் பூஜ்யத் தரை. சந்தை ஏறினால் 5 டாலருக்கு எவ்வளவு ஏற்றம் வாங்க முடிந்ததோ அதுவரைதான் உங்களுக்கு. அந்த உச்சவரம்புக்கு கேப் என்று பெயர். பாண்டு வட்டி குறைந்தாலோ ஆப்ஷன் விலை ஏறினாலோ கேப் இறங்கும். ஒவ்வொரு வருடமும் அதை மாற்றும் உரிமை நிறுவனத்திடம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் உறுதி தரும் குறைந்தபட்ச கேப், இன்று காட்டும் கேப்பைவிட மிகவும் கீழே இருக்கும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கேப் 9 சதவீதம் என்று வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019, 2020, 2021 மூன்று வருடத்திலும் எஸ்&பி 500 சேர்ந்து சுமார் 90 சதவீதம் ஏறியது. ஐயுஎல்லில் வரவு வைப்பது சுமார் 30 சதவீதம். 2022-இல் குறியீடு 19 சதவீதம் விழுந்தது. ஐயுஎல்லுக்குப் பூஜ்யம், அதே 30. அந்த வீழ்ச்சியையும் சேர்த்துக்கொண்டு பார்த்தாலும் குறியீடு 50 சதவீதத்துக்கு மேல் லாபத்தில் இருந்தது. இதில் டிவிடெண்டைச் சேர்க்கவே இல்லை. இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருப்பவருக்கு அது கிடைக்கும், ஐயுஎல்காரருக்குக் கிடைக்காது. நியாயமாக மறுபக்கமும் சொல்ல வேண்டும்: 2000 முதல் 2002 வரை மூன்று வருடமும் சந்தை தொடர்ந்து விழுந்தது. அந்த மாதிரிக் காலத்தில் இந்தத் தரை பெரிய ஆறுதல்.

ஆனால் பூஜ்யம் என்பது வட்டிக்குத்தான், உங்கள் கணக்குக்கு இல்லை. கட்டும் ஒவ்வொரு பிரீமியத்திலும் ஒரு பங்கு கழியும். பிறகு மாதாமாதம் நிர்வாகக் கட்டணமும், காஸ்ட் ஆஃப் இன்சூரன்ஸ் என்கிற காப்பீட்டுச் செலவும் கழியும். அந்தச் செலவு வயதோடு ஏறும். முப்பதில் கண்ணில் படாது, அறுபதுக்குப் பிறகு கடிக்கும். புதிதாகக் கட்டும் பணத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், சந்தை பூஜ்யம் தந்த வருடத்தில் உங்கள் கணக்கு குறையும். ஹோல் லைஃபில் நிறுவனம் தாங்கும் சுமையின் பெரும்பகுதி இங்கே உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. கேப் குறைந்தாலும், செலவு கூடினாலும், நீங்கள் நடுவில் கட்டாமல் விட்டாலும் பாலிசிதான் மெலியும்.

போன வருடம் ஆபீஸ் தம்பி ஒருவர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். வயது 32, மாதம் 500 டாலர் ஐயுஎல். "அக்கா, நஷ்டமே வராதாம்" என்றார். நான் காபி போடுவதற்குள் அவர் பையிலிருந்து எடுத்து வைத்தது 40 பக்கத்துக்கு மேல் வரும் இல்லஸ்ட்ரேஷன், பணம் வருடாவருடம் எப்படி வளரும் என்று காட்டும் கணக்கு. ஏஜெண்ட் மஞ்சள் ஹைலைட்டரால் ஒரே ஒரு வரியைத் தீட்டியிருந்தார்: 65 வயதில் நாலு லட்சத்துச் சொச்சம் டாலர். நான் அதே வரியில் விரலை வைத்து இடதுபக்கம் நகர்த்தினேன். "கியாரண்டீட்" என்று தலைப்பிட்ட பத்தி. 58 வயதிலிருந்து எண்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. 64-இல் பூஜ்யம். அதற்குப் பக்கத்தில் இறப்புத் தொகைப் பத்தியிலும் பூஜ்யம். அந்தப் பெண்தான் முதலில் கேட்டாள்: "அப்போ அதுவரைக்கும் கட்டினது?"

அந்தப் பத்தி காட்டுவது மிக மோசமான நிலை. அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நிறுவனம் எழுத்தில் தரும் உறுதி அது ஒன்றுதான். மஞ்சள் வரி வெறும் அனுமானம். இந்த அனுமானங்கள் எல்லை மீறிப் போனதால்தான் மாநில இன்சூரன்ஸ் ஆணையர்களின் அமைப்பான என்ஏஐசி 2015-இல் அவற்றுக்கு வரம்பு வைக்கும் ஏஜி 49 என்ற விதியைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் போனஸ், மல்டிப்ளையர் என்று சந்து கண்டுபிடித்தன. 2020-இல் ஏஜி 49-ஏ வந்தது, 2023-இல் மறுபடி திருத்தினார்கள். உங்களிடம் வருபவரிடம், "இதே பாலிசியை 4 சதவீதத்தில் ஓட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். தயங்கினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வரியே இல்லை என்பது

இறப்புத் தொகைக்கு வருமான வரி இல்லை என்பது எல்லா ஆயுள் காப்பீட்டுக்கும் பொது, டெர்முக்கும் சேர்த்து. ஐயுஎல்காரர்கள் சொல்லும் "வரியில்லா ஓய்வூதியம்" உண்மையில் உங்கள் பாலிசி மேல் நீங்கள் வாங்கும் கடன். அதற்கு வட்டி உண்டு. கடன் வாங்கிய பாலிசி எழுபத்தைந்து வயதில் காலாவதியானால், அதுவரை சேர்ந்த லாபம் முழுவதும் அந்த ஒரே வருடத்து வருமானமாகக் கணக்காகி வரி வரும், கையில் பணம் இருக்காது. இன்னொரு பக்கம், சீக்கிரம் நிறையக் கட்டினால் எம்இசி (மாடிஃபைட் எண்டோமென்ட் காண்ட்ராக்ட்) என்ற வகைக்குள் போய்விடும். அதன்பிறகு கடனுக்கே வரி உண்டு. 1988-இல் வந்த சட்டம் அது.

ஒரு நுணுக்கத்தை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். ஐயுஎல் ஓரளவு வேலை செய்ய வேண்டுமென்றால் இறப்புத் தொகையைச் சட்டம் அனுமதிக்கும் குறைந்த அளவில் வைத்து, எம்இசி எல்லை வரை பிரீமியம் கட்ட வேண்டும். அப்போதுதான் காப்பீட்டுச் செலவு குறையும். ஆனால் ஏஜெண்டின் கமிஷன், நிறுவனம் அதற்கென நிர்ணயிக்கும் டார்கெட் பிரீமியத்தை வைத்துத்தான். அது இறப்புத் தொகையோடு சேர்ந்து ஏறும். பெரிய இறப்புத் தொகை, சின்னப் பிரீமியம் என்று உங்களுக்கு வரைந்து கொடுத்தால் யாருக்கு லாபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

401கே என்கிற ஆபீஸ் ஓய்வுக்காலச் சேமிப்பில் கம்பெனி போடும் பங்கை முழுதாக வாங்கிக்கொண்டு, எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான சேமிப்பு), ராத் ஐஆர்ஏ (சொந்த ஓய்வுக்காலச் சேமிப்பு) எல்லாம் நிரப்பி, அதற்கு மேலும் மிஞ்சுகிறவர்கள் நிரந்தரப் பாலிசியை யோசிக்கலாம். 2025-இல் 401கே-யில் மட்டும் 23,500 டாலர் வரை போட முடிந்தது. வந்த புதிதில் அதையே யாரும் நிரப்பியிருக்க மாட்டோம். ஊருக்குத் திரும்புவோமா, இங்கேயே இருப்போமா என்று முடிவாகாதவர்கள் 10, 15 வருடம் சரண்டர் சார்ஜ் உள்ள ஒன்றில் மாட்டக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். "வரியில்லை" என்பது அமெரிக்கச் சட்டத்தின் பேச்சு. இந்தியாவில் குடியேறிய பிறகு அங்கத்திய சட்டம் தனியாக முடிவு செய்யும்.

இதோடு இன்னொன்று: ஊரில் எல்ஐசி எண்டோமென்ட், மணிபேக் வைத்திருந்தால் அதன் சரண்டர் வேல்யூவையும் வங்கிக் கணக்குகளோடு கூட்டிப் பாருங்கள். வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் படிவம்) தாக்கல் செய்ய வேண்டும். பாலிசி இதில் வராது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கையெழுத்துப் போட்டாயிற்று என்றால் பாலிசியின் முதல் பக்கத்தைப் பாருங்கள். ஃப்ரீ லுக் காலம் அங்கேயே அச்சிட்டிருக்கும். பெரும்பாலான மாநிலங்களில் குறைந்தது 10 நாள். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் எழுதிக் கொடுத்தால் கட்டிய பணம் திரும்ப வரும். அந்தத் தம்பிக்குப் பாலிசி வந்து அன்று ஏழாவது நாள், சனிக்கிழமை. நாலு வரிக் கடிதம் எழுதி, பாலிசியையும் உறையில் போட்டு, போஸ்ட் ஆபீஸ் மூடுவதற்குள் ஓடி சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்பிவிட்டு, பச்சை ரசீதைப் பர்ஸில் வைத்துக்கொண்டார். மூன்று வாரத்தில் செக் வந்தது.