ஒற்றை எக்ஸாஸ்ட்டா, இரட்டையா? முதலில் இன்ஜினைப் பாருங்கள்

பம்பருக்கு அடியில் இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அது டூயல் எக்ஸாஸ்ட் (இரட்டைப் புகைக்குழாய் அமைப்பு) ஆகிவிடாது. சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் இன்லைன் நான்கு சிலிண்டர் இன்ஜினில் எல்லாப் புகையும், அதைச் சேர்த்தெடுக்கும் ஒரே மேனிபோல்டு வழியாக ஒரே பைப்புக்குத்தான் வருகிறது. அதைக் கடைசியில் ஒய் பைப் போட்டு இரண்டு சைலன்சருக்குப் பிரிப்பது தோற்றத்துக்காக. பவர் ஏறாது, எடைதான் ஏறும். வி6, வி8, பாக்ஸர் இன்ஜின்களில் சிலிண்டர்கள் இரண்டு பேங்காக, அதாவது இரண்டு தனி வரிசையாக, இருப்பதால் அங்கே இரட்டைக்கு அர்த்தம் உண்டு.

அடுத்தது பைப்பின் அளவு. விட்டத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள்; பரப்பளவைப் பாருங்கள். 3 அங்குலப் பைப் ஒன்றின் பரப்பு சுமார் 7.1 சதுர அங்குலம். 2 அங்குலப் பைப் இரண்டும் சேர்ந்தால் 6.3தான். 2.5 அங்குலம் இரண்டு போட்டால் 9.8. தேவைக்கு மேல் அகலமானால் புகையின் வேகம் குறைந்து, சிலிண்டரிலிருந்து அது இழுபட்டு வெளியேறுவதும் மந்தமாகும்; குறைந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) பிக்கப் விழும். தினசரி ஓட்டத்துக்கு இது பெரிய இழப்பு.

மாற்றுவதற்கு முன் இருக்கிற பைப்பில் அடைப்பு இருக்கிறதா என்று சோதிப்பது நல்லது. மேனிபோல்டு பக்கத்து ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜை மாட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பாருங்கள். 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரோ சைலன்சரோ அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்தாலே பலருக்கு இரட்டை ஆசை போய்விடும்.

இரட்டைதான் என்று முடிவானால், இரண்டு பைப்பையும் தனித்தனியே பின்னால் கொண்டுபோய்விடக் கூடாது. நடுவில் X வடிவ எக்ஸ் பைப் அல்லது H வடிவ எச் பைப் வைத்து இணைத்தால் இரண்டு பேங்கின் துடிப்பும் சமப்படும். எச் பைப்பில் சத்தம் கனமாக, எக்ஸில் சற்றே கூர்மையாக வரும். ஒவ்வொரு பேங்குக்கும் கன்வர்ட்டரும் அதன் முன்னும் பின்னுமான சென்சார்களும் அப்படியே இருக்கட்டும். எடுத்தால் செக் இன்ஜின் விளக்கு எரியும், புகைச் சோதனையிலும் தேறாது.

வளைவுகள் மேன்ட்ரல் பென்டாக, அதாவது பைப்புக்குள் தாங்கு கொடுத்து நசுங்காமல் வளைத்ததாக, இருக்க வேண்டும். சாதாரண மெஷினில் வளைத்தால் வளைவில் பைப் நசுங்கி, கணக்குப் போட்ட பரப்பு அங்கேயே குறைந்துவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள்; இல்லையென்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ போகலாம். பெட்ரோல் டேங்க், பிரேக் லைன், ஸ்பேர் டயர் குழி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் போகும் இடங்களில் தாராளமாக இடைவெளி விட்டு, வெப்பத் தகடும் வையுங்கள்.

குறுகிய தூரமே ஓடும் காரில் இரண்டு சைலன்சரும் முழுதாகச் சூடேறாது. உள்ளே தங்கும் தண்ணீரால் அடிப்பக்கம் துருப்பிடிக்கும். அப்படிப்பட்ட காருக்கு ஒற்றையே போதும். இரட்டையே வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், வடிகால் துளை உள்ளதாக வாங்குங்கள்.