வெட்டிப் போட்ட கருவேலங்குவியலில் விறகு எடுப்பது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடியிலிருந்து ஏர்வாடி வரை கடலோரமாக வண்டியில் போனால், ஏதாவது ஒரு புஞ்சைக் காட்டில் சீமைக் கருவேலத்தை வெட்டிச் சாய்த்திருப்பதைப் பார்க்கலாம். கனமான கட்டையெல்லாம் கரிமூட்டத்துக்கோ விறகுக் கடைக்கோ போய்விடும். வேரோடு சேர்ந்த அடிக்கட்டையான தூரும் போய்விடும், அதில்தான் நல்ல கரி விழும். மிஞ்சுவது முள்ளுக் குவியல். அதை யாரும் சீண்டுவதில்லை, அடுத்த உழவுக்கு முன்னால் தீ வைத்துவிடுவார்கள். கட்டைவிரல் கனத்திலிருந்து மணிக்கட்டு கனம் வரை, பிளக்க வேண்டிய தேவையே இல்லாத விறகு அதற்குள் ஏராளமாகக் கிடக்கிறது. அது வீணாக எரிவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. பழகாதவர்களும் உடம்பில் முள் ஏறாமல் எடுக்க முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கேட்டுவிட்டு இறங்குங்கள்

பட்டா நிலமென்றால் நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும். கண்மாய்க் கரையென்றால் மரத்தை ஏலம் எடுத்தவரிடம் கேட்க வேண்டும். "மிலாறு மட்டும் எடுத்துக்கிறேன்ணே" (மிலாறு என்பது சிறு கொப்பு) என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். அளவாக வெட்டி அடுக்கி வைத்திருப்பது மிச்சம் இல்லை, லாரிக்குக் காத்திருக்கும் சரக்கு. அதில் கை வைக்கக் கூடாது. வனத்துறை இடம், காரங்காடு பக்கத்து அலையாத்திக் காடு, மன்னார் வளைகுடாத் தீவுகள், இங்கெல்லாம் காய்ந்து கிடக்கும் குச்சியைக்கூடத் தொடாதீர்கள்.

எப்போது போவது

வெட்டிய உடனே போகாதீர்கள். இலையோடு கிடக்கும்போது எது விறகு, எது முள் என்றே தெரியாது. வெயில் காலத்தில் 2, 3 வாரம் விட்டால் இலை கொட்டிக் குவியல் தெளிவாகிவிடும். அதற்காக மாதக்கணக்கிலும் விடக் கூடாது. தூர் தோண்டாத இடமென்றால் அடிக்கட்டையிலிருந்து புதுக் கொழுந்து கிளம்பி, குவியலுக்குள்ளேயே ஏறிப் பின்னிக்கொள்ளும். பச்சை முள்ளும் காய்ந்த முள்ளும் கலந்துவிட்டால் அந்தக் குவியலை விட்டுவிடுவதே நல்லது. ஐப்பசி மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிடுங்கள்.

கையில் என்ன வேண்டும்

வெட்டரிவாள், நுனி இரண்டாகப் பிரிந்த ஆளுயரக் கவைக்கம்பு, தோல் கையுறை, கயிறு, இரண்டு சாக்கு. பனையேறிகளின் பாளை அரிவாள் வீட்டில் இருந்தாலும் அதை எடுத்து வராதீர்கள். அது பாளை சீவுவதற்கான மெல்லிய கூர், கருவேலங்கட்டையில் பட்டால் வாய் மடிந்துவிடும். துணிக் கையுறை தண்டம். கயிற்றைப் பொறுத்தவரை, கடற்கரையில் கழித்துப் போட்ட வலைக் கயிறுதான் என் தேர்வு. முள்ளில் உரசினாலும் அறாது.

கால்தான் முக்கியம். ரப்பர் செருப்பைக் கருவேல முள் ஊடுருவிப் பாதத்தில் ஏறும். டயர் செருப்பு பரவாயில்லை, கனத்த அடியுள்ள ஷூ அதைவிட நல்லது. பைக்கை ரோட்டிலேயே நிறுத்துங்கள், உள்ளே கொண்டு போனால் பஞ்சர் நிச்சயம்.

குவியலை எழுப்புங்கள்

கை வைப்பதற்கு முன்னால் கவைக்கம்பால் நாலு பக்கமும் தட்டி, கொஞ்ச நேரம் தள்ளி நில்லுங்கள். இந்தப் பக்கம் சுருட்டை விரியன் அதிகம். மண் நிறத்தில் சின்னதாக இருக்கும், கண்ணுக்கே படாது. குவியலுக்கு அடியில் நிழல் இருக்கிறது, எலியும் ஓணானும் இருக்கின்றன, பாம்புக்கு வேறென்ன வேண்டும்? காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு போங்கள். தனியாகப் போக வேண்டாம். கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் செய்யாமல், ஆளை நடக்க விடாமல் 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

உருவுவது

எனக்குக் கடைசியாகப் பிடிபட்டது இந்தப் படிதான். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் திணறுவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிடித்து இழுக்கத்தான் கை போகும். இழுத்தால் குவியல் மொத்தமும் கூடவே நகரும், கொப்பு மட்டும் வராது. காரணம் இதுதான். பக்கக் கொப்புகள் எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. நுனியைப் பிடித்து இழுத்தால் அவை விரிந்து, தூண்டில் முள்ளைப் போல ஒவ்வொன்றிலும் மாட்டிக்கொள்ளும். அடியைப் பிடித்து இழுத்தால் அதே கொப்புகள் ஒடுங்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடும்.

அதனால் முதலில் அடியைத் தேடுங்கள். அரிவாள் வெட்டு வெளிறித் தெரியும் முனைதான் அடி. ஆள் வெட்டிப் போடும்போது பெரும்பாலும் அடிகள் ஒரே பக்கமாக விழுந்திருக்கும், குவியலை ஒரு சுற்று சுற்றினால் அந்தப் பக்கம் தெரிந்துவிடும். அங்கே நின்று, மேலாகக் கிடக்கும் கொப்பை முதலில் எடுங்கள். மேலே அழுத்தும் கொப்பைக் கவைக்கம்பால் லேசாகத் தூக்கிக்கொண்டு, மற்ற கையால் அடியைப் பிடித்து, தரையோடு சேர்த்து நேராகப் பின்னால் வாருங்கள். ஆட்டாதீர்கள், முறுக்காதீர்கள். ஆட்டினால் நுனி துள்ளி முகத்தில் அடிக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றவே வேண்டாம், மற்றவர்கள் வெல்டிங் கடைகளில் போடும் வெள்ளைக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

குவியலுக்குக் கீழே மண் அப்பி, கரையான் ஏறிய வரிசையை விட்டுவிடுங்கள். தட்டினால் மாவு கொட்டும் கட்டையும் வேண்டாம். உளுத்தது வைக்கோலாக எரிந்து போகும், தணல் நிற்காது. இரண்டு கொப்பை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்றால் காய்ந்தது, மொத்தென்றால் ஈரம்.

கழிப்பதும் கட்டுவதும்

கொப்பைத் தரையில் போட்டு, அடியிலிருந்து நுனியை நோக்கிக் கழியுங்கள். வெட்டு கொப்பின் வெளிப்புறம் விழ வேண்டும். உள்கவட்டில் போட்டால் அரிவாள் சிக்கும். உங்கள் கால் கொப்பின் மறுபக்கம் இருக்கட்டும். கழித்த முள்ளை வழியில் சிதற விடாமல் ஒரே இடத்தில் கூட்டிவையுங்கள். வேலி அடைக்க யாராவது எடுத்துக்கொள்வார்கள், ஆடு மேய்க்கிறவர்களின் காலிலும் ஏறாது.

இரண்டு, இரண்டரை அடி நீளமாகத் தறித்து, அடிகளை ஒரு பக்கமாக வைத்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். தலையில் தூக்குவதென்றால் சும்மாட்டுக்கு மேல் ஒரு சாக்கையும் மடித்துப் போடுங்கள். எவ்வளவு கழித்தாலும் ஒரு முள் ஒளிந்திருக்கும். முள் ஏறினால் நுனி உள்ளே ஒடிந்து நிற்கிறதா என்று பாருங்கள். மறுநாளும் வீங்கி வலித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், டி.டி. ஊசி எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதில் இரண்டு விஷயம்.

காய்ந்த விறகைக் கொண்டு வந்தும் புகைகிறது என்று சிலர் சொன்னார்கள். கடலை ஒட்டி வீடு இருந்தால் உப்புக் காற்றில் விறகு இரவோடு இரவாகப் பதம் பிடித்துக்கொள்ளும். தரையில் போடாமல் செங்கல் மேல் அடுக்குங்கள். தார்ப்பாயை மேலே மட்டும் போடுங்கள். நாலு பக்கமும் மூடினால் ஈரம் வெளியே போக வழியிருக்காது. மறுநாளுக்கு வேண்டியதை முதல்நாள் மாலையே அடுப்படிக்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அடுப்பை ஒட்டி வேண்டாம்.

கரையில் ஒதுங்கும் கட்டையையும் உடைந்த வள்ளத்துப் பலகையையும் எரிக்கலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். வேண்டாம்க்கா. கடல்நீரில் ஊறிய மரத்தில் உப்பு இறங்கியிருக்கும். எரித்தால் புகை நஞ்சாகும், பாத்திரத்தையும் அரிக்கும். வள்ளத்துப் பலகையில் பெயிண்டும் பைபர் பூச்சும் வேறு இருக்கும். அந்தப் புகை வீட்டுக்குள் வரவே கூடாது, வெந்நீர் அடுப்புக்குக்கூட அதை எடுக்காதீர்கள்.