கோலிக்குண்டு, பலூன், வள்ளம்: நியூட்டனின் மூன்று விதிகளை வீட்டிலேயே பார்ப்போம்

குளச்சல் கடற்கரையில் கரைக்கு வந்த வள்ளத்தை மணலில் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினால் நகரும். கையை எடுத்தால் நின்றுவிடும். இதையே பார்த்துப் பழகியதால், தள்ளிக்கொண்டே இருந்தால்தான் எந்தப் பொருளும் ஓடும் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விசைப் பாடம் குழம்புவதற்கு இந்த எண்ணம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். முதலில் அதைச் சோதித்துவிடுவோம்.

எடுத்து வைக்க வேண்டியவை: கோலிக்குண்டு, பழைய காலண்டர் அட்டை, இரண்டு நோட்டுப் புத்தகம், குளித்துத் துவட்டும் துவர்த்து, பொம்மைக் கார், பெரிய ரப்பர் பேண்டு, பலூன், ஸ்ட்ரா, ஐந்து மீட்டர் நூல், ஒட்டும் டேப், சாக்பீஸ்.

முதல் சோதனை

அட்டையை நீளவாக்கில் மடித்து வாய்க்கால் போல ஆக்குங்கள். ஒரு முனையை இரண்டு நோட்டின் மேல் வைத்தால் சரிவு தயார். உச்சியில் குண்டை வைத்து, தள்ளாமல் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து விட்டால், கீழே வரும்போது வேகம் ஒன்றாகவே இருக்கும்.

சரிவின் அடியில் முதலில் துவர்த்தை விரியுங்கள். பிறகு சிமெண்டுத் தரை. கடைசியில் வழவழப்பான டைல்ஸ். குண்டு நின்ற இடத்தில் சாக்பீசால் கோடு போடுங்கள். துவர்த்தில் சீக்கிரமே நின்ற குண்டு, டைல்ஸில் சுவரை முட்டும்வரைகூட ஓடும்.

ஓடும்போது குண்டை யாரும் தள்ளவில்லை. மாறியது தரை மட்டும்தான். குண்டை நிறுத்துவது தரையின் உராய்வு விசை. தடுக்கும் விசை எதுவுமே இல்லையென்றால் குண்டு அதே வேகத்தில் நேர்க்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். நின்ற பொருள் நிற்பதற்கும் ஓடும் பொருள் ஓடுவதற்கும் விசை வேண்டாம். அந்த நிலையை மாற்றத்தான் வேண்டும். 1687-ல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதி இதுதான். இந்தப் பண்புக்குப் பெயர் நிலைமம். நாகர்கோவில் பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டதும் முன்னால் சாய்கிறோமே, அங்கேயும் நம்மை யாரும் முன்னால் தள்ளுவதில்லை.

இரண்டாம் சோதனை

நாற்காலியின் இரண்டு கால்களுக்கு இடையே ரப்பர் பேண்டை மாட்டுங்கள். பொம்மைக் காரை அதில் பொருத்தி 5 செ.மீ. பின்னால் இழுத்து விடுங்கள். அடுத்து, காரின் மேல் கூழாங்கற்களை டேப்பால் ஒட்டி, அதே 5 செ.மீ. இழுத்து விடுங்கள். விசை மாறவில்லை, நிறை கூடியது; கார் மந்தமாகக் கிளம்பும்.

இதுதான் இரண்டாம் விதி: விசை = நிறை × முடுக்கம். வேகம் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முடுக்கம். 2 கிலோகிராம் பொருளின் மேல் 10 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு) நிகர விசை செயல்பட்டால், அதன் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 5 மீட்டர் வீதம் கூடும். 4 கிலோகிராம் என்றால் 2.5 மீட்டர்தான். ஒரு நியூட்டன் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? 100 கிராம் மட்டிப்பழத்தை உள்ளங்கையில் வையுங்கள். கையை அது அழுத்தும் விசை ஏறக்குறைய 1 நியூட்டன்.

மூன்றாம் சோதனை

நூலை ஸ்ட்ராவுக்குள் கோத்து, ஜன்னல் கம்பிக்கும் நாற்காலிக்கும் இடையே விறைப்பாகக் கட்டுங்கள். ஊதிய பலூனின் வாயைப் பிடித்தபடி அதை ஸ்ட்ராவில் ஒட்டி, விடுங்கள். பலூன் காற்றைப் பின்னால் தள்ளுகிறது. காற்று பலூனை முன்னால் தள்ளுகிறது. இரண்டு விசைகளும் சமம், திசை எதிர். இதுதான் மூன்றாம் விதி.

இங்கே பிள்ளைகள் கேட்கும் கேள்வி மிக நல்ல கேள்வி: "சமமாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடாதா?" அழிக்காது. ஒன்று காற்றின் மேல் செயல்படுகிறது, மற்றது பலூனின் மேல். ஒவ்வொரு விசைக்கும் நோட்டில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதப் பழகுங்கள்: தள்ளுவது எது? தள்ளப்படுவது எது? துடுப்பு தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் துடுப்பைத் தள்ளுகிறது. வள்ளம் எப்படிப் போகும் என்று அறிய, வள்ளத்தின் மேலும் துடுப்பின் மேலும் வெளியிலிருந்து விழும் விசைகளை மட்டும் கணக்கிடுங்கள். தண்ணீரின் மேல் விழுவது தண்ணீரின் கணக்கு.

பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. மேசைமேல் புத்தகம் இருக்கிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது, மேசை மேலே தாங்குகிறது. இவை மூன்றாம் விதி சொல்லும் ஜோடி அல்ல. இரண்டுமே புத்தகத்தின் மேல்தான் செயல்படுகின்றன. பூமி புத்தகத்தை இழுப்பதற்கு ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது.

சிறிய வள்ளத்திலிருந்து ஒருவர் கரைக்குத் தாவினால் வள்ளம் பின்வாங்கும். கனமான படகு அசைவதே தெரியாது. விசை சமம்தான், நிறைதான் வேறு. அப்படியானால் ஆட்களை இறக்குவதற்கு முன் வள்ளத்தைக் கயிற்றால் கரையோடு கட்டுவது எதற்கு? கயிறு எதை இழுக்கிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று நோட்டில் எழுதிப் பாருங்கள்.