ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவைத் திறக்கும் முன்

ஹால் டிக்கெட், ரெஸ்யூம், ஆதார் என்று எதையோ பிரிண்ட் எடுக்கக் கடைக்குப் போய் வந்திருப்பீர்கள். வீட்டில் பென்டிரைவை லேப்டாப்பில் செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் அப்படியேதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு ஐகானின் மூலையிலும் குட்டியாக ஓர் அம்புக்குறி முளைத்திருக்கும். அதில் டபுள் கிளிக் செய்துவிடாதீர்கள். வைரஸ் காத்திருப்பது அந்த ஒரு கிளிக்குக்குத்தான்.

கடைக் கம்ப்யூட்டரில் இருந்த வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயர்களில் ஷார்ட்கட் வைத்திருக்கிறது. அதைத் திறந்தால் முதலில் வைரஸ் ஓடும், கையோடு உங்கள் ஃபோல்டரையும் திறந்து காட்டிவிடும், அதனால் பலருக்குச் சந்தேகமே வராது. அதன்பிறகு அந்த லேப்டாப்பில் யார் பென்டிரைவ் செருகினாலும் அதற்கும் தொற்றும். முன்பெல்லாம் செருகினாலே ஆட்டோரன் வழியாக வைரஸ் தானாக ஓடிவிடும். பென்டிரைவுக்கு அந்த வசதியை விண்டோஸ் 7-இல் எடுத்துவிட்டார்கள், 2011-இல் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அப்டேட் கொடுத்து நிறுத்தினார்கள். அதனால்தான் இப்போது உங்களையே கிளிக் செய்யவைக்கப் பார்க்கிறது.

ஃபைல் போய்விட்டதே என்று பதறாதீர்கள். என் தங்கை கல்லூரிக் கடைசி வருடத்தில் புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் காணோம் என்று அழுதுகொண்டே பென்டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டாள். ரிப்போர்ட் அதற்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. இன்றைக்கும் நினைத்தால் மனசு கேட்கவில்லை.

முதலில் டிரைவின்மேல் ரைட் கிளிக் செய்து, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸ், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் இரண்டையும் டிக் செய்யுங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டெட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதில் உள்ள டிக்கை எடுங்கள், ஏனென்றால் வைரஸ் உங்கள் ஃபோல்டரையும் சிஸ்டம் ஃபைல் போல மாற்றி வைத்திருக்கும். உங்களுடையவை மங்கலாகத் தெரியும். சில நேரம் எல்லாம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும். டாக்குமெண்ட், போட்டோக்களை மட்டும் லேப்டாப்புக்குக் காப்பி செய்துகொண்டு, பிறகு பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். கடைசியாக அந்த சிஸ்டம் ஃபைல் டிக்கைப் பழையபடி வைத்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன், அதாவது ஃபைல் என்ன வகை என்று காட்டும் பெயரின் கடைசி எழுத்துகள், அந்த டிக்கை மட்டும் எடுக்கவே வேண்டாம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகையே ஆட்டிவைத்த 'ஐ லவ் யூ' வைரஸ் மெயிலில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போலத்தான் வந்தது; பெயரின் கடைசியில் இருந்த 'விபிஎஸ்' என்ற மூன்று எழுத்தை விண்டோஸ் மறைத்துவிட்டதால் காதல் கடிதம் என்று நம்பித் திறந்தார்கள். ஃபோல்டர் ஐகானோடு பெயர் முடிவில் 'இஎக்ஸ்இ' (.exe) என்று இருந்தால் அது ஃபோல்டர் இல்லை, புரோகிராம்; தொடாதீர்கள்.

ஏற்கெனவே கிளிக் செய்துவிட்டீர்களா? சரி, முதலில் நெட்டைத் துண்டித்துவிட்டு டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்கள். லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாகத் திறக்கும் முன்பே சோதிக்கும், ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடவே கூடாது. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற வைரஸ், யாரும் எதையும் கிளிக் செய்யாமலே நெட்வொர்க் வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது, இத்தனைக்கும் அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது.

அடுத்த முறை பிரிண்ட் எடுக்க, அந்த ஒரு பிடிஎஃப் மட்டும் உள்ள பழைய பென்டிரைவைக் கொண்டுபோங்கள், அல்லது வீட்டிலிருந்தே கடைக்கு மெயிலில் அனுப்புங்கள். ஆதார் மாதிரியானவற்றை அனுப்பினால் வேலை முடிந்ததும் உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் மெயிலைத் திறக்காதீர்கள். பென்டிரைவில் அம்புக்குறி வந்திருந்தால் கடைக்காரரிடமும் பொறுமையாக எடுத்துச் சொல்லி ஒரு ஸ்கேன் போடவையுங்கள், நாளைக்கு அங்கே எத்தனை மாணவர்கள் பென்டிரைவோடு வருவார்களோ!