ரிசீவர் வாங்குமுன் கணினியின் முதுகைப் பாருங்கள்

கோத்தகிரியில் இருக்கும் என் அண்ணன் மகன் போன வாரம் தொலைபேசியில் கேட்டான்: "சித்தப்பா, கணினிக்குச் சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர் வைக்கப் போகிறேன். நூறு வாட் ரிசீவர் போதுமா, நூற்றைம்பது வேண்டுமா?" ரிசீவர் என்பது கணினியின் ஒலியை வாங்கிப் பெருக்கி, ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. உன் கணினியின் பின்பக்கம் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்று திருப்பிக் கேட்டேன். "அதை எதற்குக் கேட்கிறீர்கள்?" என்றான்.

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. சில வருடங்களுக்கு முன் கோவையில் ஒரு கடையில் பழைய ரிசீவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். பத்து கிலோவுக்கு மேல் கனத்தது. கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்று நம்பி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு குன்னூர் வந்து சேர்ந்தேன். படம் போட்டால் ஐந்து ஸ்பீக்கரும் ஒலித்தன. விளையாட்டைத் திறந்தால் முன்னால் இருந்த இரண்டு மட்டும். பின் ஸ்பீக்கர்கள் பழுது என்று எண்ணி ஒரு வாரம் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். பழுது எதுவுமில்லை. அந்த ரிசீவரில் படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் வாங்கும் எச்டிஎம்ஐ துளை கிடையாது, ஒலியை ஒளியாக வாங்கும் ஆப்டிகல் மட்டும்தான். அதற்கும் விளையாட்டுக்கும் என்ன தகராறு என்பதை இரண்டாம் படியில் சொல்கிறேன்.

முதல் படி: ரிசீவர் தேவைதானா?

கணினிக்கென்றே விற்கும் 5.1 தொகுப்புகளில், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் கீழ் ஒலிக்கான சப்வூஃபரும் சேர்ந்தவற்றில், பெரும்பாலும் சப்வூஃபர் பெட்டிக்குள்ளேயே ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அவற்றுக்கு ரிசீவர் வேண்டாம். வாங்கினாலும் பொருத்த வழியிருக்காது. பின்னால் சிவப்பு, கறுப்பு என இரண்டு முனைகள் மட்டும் உள்ள, மின்சார பிளக் இல்லாத ஸ்பீக்கர்களுக்குத்தான் ரிசீவர். வீட்டில் பழைய ஹோம் தியேட்டரின் ஸ்பீக்கர்கள் சும்மா கிடக்கின்றன என்றாலோ, ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து வாங்க ஆசை என்றாலோ மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: கணினியிலிருந்து ஒலி எப்படி வெளியே வரும்?

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். மேசைக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று வழிகளில் ஒன்றாவது இருக்கும்.

எச்டிஎம்ஐ: கிராஃபிக்ஸ் கார்டிலோ மதர்போர்டிலோ இருக்கும். எட்டு சேனல் வரை, அதாவது எட்டு ஸ்பீக்கருக்கான தனித்தனி ஒலியை, சுருக்காமல் அப்படியே கொண்டுபோகும். படம், விளையாட்டு, பாட்டு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். மதர்போர்டில் உள்ள துளை வேலை செய்ய, பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் வசதி இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆப்டிகல்: சிறு கதவு போட்ட சதுரத் துளை, உள்ளே சிவப்பாக ஒளி தெரியும். சுருக்காத ஒலி என்றால் இதில் இரண்டு சேனல் மட்டுமே போகும். ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒலி போக வேண்டுமானால் அது டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். படங்களின் ஒலித்தடம் பெரும்பாலும் அப்படிச் சுருக்கப்பட்டே வருகிறது, ஆகவே படத்தில் ஐந்தும் ஒலிக்கும். விளையாட்டோ அந்தந்த நொடியில் ஒலியை உருவாக்குகிறது. அதை உடனுக்குடன் சுருக்கித் தர ஒலி அட்டையில் டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் வேண்டும். என் கணினியில் இரண்டும் இல்லை. ஒரு வாரம் வயர் பிடுங்கிய கதை இவ்வளவுதான். ஆப்டிகலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: அதில் மின்சாரம் ஓடாது, ஆகவே கணினியின் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஸ்பீக்கருக்குத் தொற்றாது.

மூன்றாவது, பச்சை, கறுப்பு, ஆரஞ்சு வண்ணத் துளைகள். இவற்றை வாங்கிக்கொள்ளும் பல சேனல் அனலாக் உள்ளீடு புது ரிசீவர்களில் அரிது. பழையது கையில் இருந்தால் ஒழிய இந்த வழியை மறந்துவிடலாம்.

என் முடிவு: இன்று வாங்குவதானால் எச்டிஎம்ஐ இல்லாத ரிசீவரை இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

மூன்றாம் படி: மானிட்டரை எங்கே செருகுவது?

கணினியிலிருந்து ரிசீவருக்கும், ரிசீவரிலிருந்து மானிட்டருக்கும் என ஒரே சங்கிலியாக இணைக்கலாம். ஆனால் படமும் ரிசீவர் வழியாகத்தான் போகும். ரிசீவரின் வயது படத்தில் தெரிந்துவிடும். எச்டிஎம்ஐ 1.4 உள்ள பழைய ரிசீவர் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். மவுஸ் அம்பு சேற்றில் நடப்பது போல நகரும். 60 முறைக்கு 2.0, 120 முறைக்கு 2.1 வேண்டும்.

நான் செய்வது வேறு. மானிட்டரைக் கணினியில் நேராகச் செருகிவிட்டு, இப்போது என்னிடம் உள்ள எச்டிஎம்ஐ ரிசீவருக்கு இன்னொரு கேபிளைத் தனியாகக் கொடுத்திருக்கிறேன். பழைய ரிசீவரானாலும் படம் கெடாது. விண்டோஸ் ரிசீவரை இன்னொரு திரை என்று நினைத்துக்கொள்ளும். மவுஸ் அம்பு சில நேரம் அந்த இல்லாத திரைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். திரை அமைப்பில் அதை ஒரு மூலைக்குத் தள்ளி வைத்தால் தொல்லை குறையும்.

நான்காம் படி: வாட்

ஸ்பீக்கரின் விவரத்தாளில் '86 டெசிபெல், 1 வாட், 1 மீட்டர்' என்பது போல ஒரு வரி இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி அவ்வளவு ஒலி கேட்கும் என்று பொருள். மேசையில் உங்கள் காது ஒரு மீட்டருக்குள்தான் இருக்கிறது. 86 டெசிபெல் என்றால் பக்கத்தில் நிற்பவர் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். நூறுக்கும் நூற்றைம்பதுக்கும் உள்ள வித்தியாசம் 2 டெசிபெல்கூட இல்லை. அண்ணன் மகனே, கேட்டுக்கொண்டாயா?

அட்டைப் பெட்டியில் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 'ஒரு சேனல், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு' என்று அளந்த எண் பெரிதாகத் தெரியும். '2 சேனல், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை' என்று அளந்ததுதான் ஒப்பிடத் தகுந்தது. அந்தக் கணக்கில் ஐம்பது வாட் இருந்தாலே மேசைக்குத் தாராளம். வாட்டைவிட ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை அளவு, முக்கியம்: ஸ்பீக்கர் 4 ஓம் என்றால், ரிசீவர் 4 ஓமைத் தாங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: இடம்

முழு அளவு ரிசீவர் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் அகலம், பின்னால் வயருக்கும் இடம் விட்டால் 40 சென்டிமீட்டர் ஆழம். மேசையில் ஏறாது. பக்கத்தில் ஒரு சிறு ஸ்டூல் வையுங்கள், மேலே காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மார்கழிக் குளிரில் எங்கள் வீட்டுப் பூனை அதன் மேல்தான் படுக்கும். காற்றுத் துளைகளை அது அடைத்துக்கொள்வதால் தினமும் எனக்கும் அதற்கும் சண்டை.

முன் ஸ்பீக்கர்கள் உங்களுக்கு இடமும் வலமுமாக 30 பாகை, பின் ஸ்பீக்கர்கள் 110 பாகை; அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால். நடு ஸ்பீக்கருக்கு மானிட்டர் இடையூறாக இருந்தால் விட்டுவிடலாம். தனியாளாக நேர் நடுவில் உட்கார்பவருக்கு, ரிசீவரில் 'நடு ஸ்பீக்கர் இல்லை' என்று சொல்லிவிட்டால் வசனம் இரு முன் ஸ்பீக்கர்களிலும் பிரிந்து நடுவிலிருந்து வருவது போலவே கேட்கும்.

ஆறாம் படி: மலையில் இருப்பவர்கள் கவனிக்க

ஐப்பசி மழையில் குன்னூர்ப் பக்கம் மரம் விழுந்து மின்சாரம் போவதும், திரும்பும்போது ஏறி இறங்குவதும் புதிதல்ல. இடி கேட்டால் ரிசீவரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொண்டுவந்து தரும் ரிசீவரின் பின்தகட்டைப் படியுங்கள். அமெரிக்காவுக்கானது 120 வோல்ட், ஜப்பானுக்கானது 100. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு சரி.

ஈரம் இன்னொரு எதிரி. பழைய ரிசீவருக்குள் ஸ்பீக்கர்களை இணைக்கும் சுவிட்சான ரிலேயின் முனைகளில் களிம்பு பிடித்து ஒரு பக்க ஒலி வந்து வந்து போகும். பயன்படுத்தியதை வாங்குவதானால் மடிக்கணினியும் எச்டிஎம்ஐ கேபிளும் எடுத்துப்போய் ஐந்து சேனலையும் கடையிலேயே ஒலிக்க விட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளையிலும் செருகிப் பாருங்கள். ரிமோட்டோடு, ஸ்பீக்கர்களின் ஒலியை அளந்து ரிசீவரைச் சரிசெய்ய உதவும் அளவீட்டு மைக்கையும் கேட்டு வாங்குங்கள். பல கடைகளில் தொலைந்துபோயிருப்பது அதுதான்.

ஏழாம் படி: இணைத்து ஒலிக்கவிடுதல்

எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. ஒரு இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது. தொட்டால் ஆம்ப்ளிஃபயரே போகலாம். விண்டோஸின் ஒலி அமைப்பில் ரிசீவரைத் தேர்ந்து 5.1 என்று மாற்றி, ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சோதியுங்கள். சிறு ஸ்பீக்கர்களுக்கு, ரிசீவரின் அமைப்பில் 80 ஹெர்ட்ஸில் பிரித்து அதற்குக் கீழான ஒலியைச் சப்வூஃபரிடம் விடுங்கள்.

கடைசியாக, அளவீட்டு மைக்கை உங்கள் காது இருக்கும் உயரத்தில் நிறுத்தி ரிசீவரின் தானியங்கி அளவீட்டை ஓட்டுங்கள். தகரக் கூரை வீடு என்றால் மழை நேரத்தில் வேண்டாம். 'சுற்றுப்புற இரைச்சல் அதிகம்' என்று என்னை மூன்று முறை திருப்பி அனுப்பியது. நான்காம் முறை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் முடிந்தது.