பழைய மல்யுத்தம் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

கேபிள் டிவியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். பார்த்து வளர்ந்தவர்கள் பழைய பிரிட்டிஷ் மல்யுத்த வீடியோ ஒன்றைப் போட்டால், பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். “விழுந்தவனை அடிக்கவே மாட்டேங்கிறான், எழுந்திருக்கிற வரைக்கும் சும்மா நிற்கிறான்” என்று குறை வேறு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவன் சும்மா நிற்பதற்குக் காரணம் விதி. அது தெரிந்த பிறகு அந்த ஆட்டங்களை விட மனம் வரவில்லை.

1930-களில் பிரிட்டனில் ‘ஆல்-இன்’ என்ற பெயரில் நடந்த மல்யுத்தம் முரட்டுத்தனம் முற்றி, லண்டனில் தடை செய்யும் அளவுக்குப் போனது. போருக்குப் பிறகு அதைச் சீராக்க ஒரு குழு உட்கார்ந்து விதிகளை எழுதியது. தலைமை தாங்கியவர், கேப்டன் ஸ்காட்டுடன் அண்டார்டிகா போய் வந்த கடற்படைக்காரர் லார்டு மவுன்டெவன்ஸ். விதிகளுக்கும் அவர் பெயரே நின்றுவிட்டது. தொலைக்காட்சியில் 1955 முதல் 1988 வரை வந்த ஆட்டங்கள் இந்த விதிகளின்படி நடந்தவை.

முதல் ஃபாலோடு ஆட்டம் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். மூன்று எண்ணும்வரை இரண்டு தோளும் தரையில் இருந்தால் அது ஒரு ஃபால்தான். ஜெயிக்க இரண்டு வேண்டும். ஃபால் விழுந்ததும் அந்த ரவுண்டு முடியும், இருவரும் மூலைக்குப் போவார்கள், மறுபடி மணி அடிக்கும். எல்லா ரவுண்டும் தீரும்போது ஒருவர் ஒரு ஃபால் முன்னே இருந்தால் வெற்றி அவருக்கு. நாக் அவுட் ஆனால் மட்டும் ஃபால் கணக்கே கிடையாது, அங்கேயே கதை முடிந்தது.

அடுத்து, இரண்டு எண்ணிக்கைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வது. தோள் அழுந்தினால் 3. அடிபட்டுத் தனியாகக் கீழே கிடந்தால் 10, அதற்குள் எழாவிட்டால் நாக் அவுட். இந்தப் பத்து ஓடும்போது எதிராளி கிட்டே வரக்கூடாது. கெட்டிக்கார வீரர் எட்டு வரை படுத்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்பதில் எழுவார். அது சோம்பல் இல்லை, கிடைத்த நேரத்தை வீணாக்காத புத்தி.

எனக்கு மிகவும் பிடித்த இடம் எச்சரிக்கை. விதி மீறினால் ரெஃபரி எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு எச்சரிக்கை அறிவிப்பார். இரண்டு வரை பொறுப்பார்கள், மூன்றாவதில் வெளியே. “தப்பு செய்தவனை ஏன் விட்டுவிடுகிறார், இவர் என்ன ரெஃபரி?” என்று கோபப்படுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. வில்லனுக்கு அந்த இரண்டு எச்சரிக்கையும் கையிருப்புப் பணம் மாதிரி. எப்போது செலவழிப்பது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். இரண்டையும் தீர்த்துவிட்டுக் கடைசி ரவுண்டுக்கு வருபவன் கை ஓங்கும்போதெல்லாம் அரங்கமே ரெஃபரி முகத்தைப் பார்க்கும். அந்தக் காலத்தின் பெயர் பெற்ற வில்லன் மிக் மெக்மானஸ் ஆடிய போட்டி ஒன்றைப் பாருங்கள், புரியும்.

சரி, முடிவுதான் முன்கூட்டியே பேசி வைத்ததாயிற்றே, விதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் பேசி வைத்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் 1925 ஏப்ரல் 15 அன்று பிலடெல்பியாவில் நடந்ததைக் கேளுங்கள். சாம்பியன் வேய்ன் மன், அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்த பெரிய உடம்புக்காரர், மல்யுத்தம் அவ்வளவாகத் தெரியாது. போலந்து மல்யுத்த வீரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ அவரிடம் தோற்பதாக ஏற்பாடு. ஸ்பிஸ்கோ நிஜமாகவே மல்லுக்கு நின்று, மன்னின் தோள்களைத் திரும்பத் திரும்பத் தரையில் அழுத்தினார். ஆயிரக்கணக்கானோர் கண்முன் கிடக்கும் தோளை ரெஃபரி எத்தனை முறை பார்க்காததுபோல் இருக்க முடியும்? கடைசியில் ஃபால் கொடுத்தே ஆகவேண்டியதாயிற்று. பட்டம் கை மாறியது.

இன்னொன்று, ஒரு காலத்து விதியை இன்னொரு காலத்தின் மேல் ஏற்றக்கூடாது. 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் இதே ஸ்பிஸ்கோ நம் காமா பயில்வானோடு மோதினார். ரவுண்டு கிடையாது, புள்ளியும் கிடையாது. தோள் தரையில் பட்டால்தான் தோல்வி. ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்து, இரண்டரை மணி நேரம் போல அப்படியே கிடந்தார். காமா எவ்வளவு முயன்றும் புரட்ட முடியவில்லை. “ஏன் ரெஃபரி எச்சரிக்கவில்லை?” என்பது இன்றைய பழக்கத்தில் வரும் கேள்வி. படுத்துக் கிடப்பது அன்றைய விதிப்படி குற்றமே இல்லை. ஆட்டம் டிரா. ஒரு வாரம் கழித்து மறு ஆட்டத்துக்கு ஸ்பிஸ்கோ வரவில்லை, அந்தப் போட்டியின் பட்டமான ஜான் புல் பெல்ட் காமாவுக்குப் போனது. அப்புறம் 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். அன்று ஸ்பிஸ்கோவுக்குக் குப்புறப் படுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் காமா அவரை மல்லாத்திவிட்டார்.